வெளிநாட்டு நிறுவனத்துக்கு ஆலோசனை சொல்லும் மாணவர் குழு: சேரும் முன்பும் சேர்ந்த பின்பும் எதைச் சரிபார்க்கணும்?

கல்லூரியில் படிக்கும்போதே ஒரு வெளிநாட்டு நிறுவனத்துக்கு ஆலோசனை சொல்ல முடியுமா? முடியும். பல நாடுகளில் மேலாண்மைப் படிப்பில் இது ஒரு பாடமாகவே நடக்கிறது. நம்ம ஊர் மாணவர்களும் கையில் இருக்கும் போனை வைத்தே இதில் பங்கெடுக்கலாம். ஆனால் இதே பெயரைச் சொல்லிப் பணம் பறிப்பவர்களும் இருக்கிறார்கள். அதனால் இந்தப் பாடத்தில் மூன்று விஷயங்களைப் பார்ப்போம்: இது எப்படி நடக்கிறது, சேரும் முன் எதைப் பார்க்கணும், சேர்ந்த பிறகு உங்கள் பங்கு என்ன.

1. இது என்ன மாதிரியான வேலை?

ஒரு நிறுவனம், தான் விடை தேடும் ஒரு கேள்வியை மாணவர்களிடம் கொடுக்கும். "எங்கள் பொருளை எந்த நாட்டில் விற்கலாம்? என்ன விலை வைக்கலாம்? யார் மூலம் விற்கலாம்?" என்பது போன்ற கேள்விகள். மாணவர்கள் குழுவாகச் சேர்ந்து தகவல் திரட்டி, கணக்குப் போட்டு, ஓர் அறிக்கை தருவார்கள். அதை வைத்து நிறுவனம் முடிவெடுக்கும்.

அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக வணிகப் பள்ளி 1992 முதல் இப்படி ஒரு பாடத்தை நடத்துகிறது. எம்.ஐ.டி.யின் ஸ்லோன் மேலாண்மைப் பள்ளி 2000-இல் 'ஜி-லேப்' என்ற பாடத்தைத் தொடங்கியது. இவற்றில் மாணவர்கள் நிறுவனம் இருக்கும் நாட்டுக்கே போய் வேலை செய்வதும் உண்டு.

விமானம் ஏறாமலே செய்யும் வழி 'எக்ஸ்-கல்ச்சர்'. வட கரோலினா பல்கலைக்கழகத்தின் கிரீன்ஸ்பரோ வளாகப் பேராசிரியர் வாஸ் தாராஸ் இதை 2010-இல் தொடங்கினார். வெவ்வேறு நாட்டு மாணவர்கள் ஒரே குழுவில் இருப்பார்கள். சுமார் இரண்டு மாதம் முழுக்க இணையம் வழியாகவே வேலை நடக்கும். தொடங்கும் முன் ஒரு தயார்நிலைத் தேர்வு உண்டு. நடுவில் குழு உறுப்பினர்கள் ஒருவரை ஒருவர் மதிப்பிடுவார்கள். வேலையே செய்யாமல் பெயரை மட்டும் போட்டுக்கொள்பவரை எச்சரித்து, திருந்தாவிட்டால் குழுவிலிருந்து நீக்கவும் செய்வார்கள்.

இதில் சேர்வதற்கான வழக்கமான வழி, பேராசிரியர் தன் வகுப்பைப் பதிவு செய்வதுதான். எனவே நீங்கள் முதலில் கேட்கவேண்டிய ஆள் உங்கள் துறைத் தலைவர்.

2. சேரும் முன் சரிபார்க்க வேண்டியவை

வாட்ஸ்அப்பிலோ டெலிகிராமிலோ ஒரு செய்தி வருகிறது: "சர்வதேச கன்சல்டிங் புராஜெக்ட். இன்றே கடைசி நாள். சான்றிதழ் உறுதி." உடனே லிங்கைத் தொடாதீங்க. இந்த ஐந்தையும் பாருங்க:

• எந்தப் பல்கலைக்கழகம் நடத்துகிறது? அதன் அதிகாரப்பூர்வ இணையதளத்தை நீங்களே தேடித் திறந்து, இந்தத் திட்டமும் பொறுப்புப் பேராசிரியர் பெயரும் இருக்கிறதா என்று பாருங்கள். செய்தியில் வந்த லிங்க் வழியாகப் போக வேண்டாம்.

• நிறுவனத்தின் பெயர் சொல்லப்பட்டிருக்கிறதா? அந்த நிறுவனத்தின் இணையதளத்தில் உள்ள முகவரிக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பிக் கேட்கலாம். இரண்டு வரி போதும்.

• பணம் கேட்கிறார்களா? "வைப்புத்தொகை கட்டுங்க, திருப்பித் தருவோம்" என்று தனிநபர் யுபிஐ எண்ணைக் கொடுத்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

• "உதவித்தொகை அனுப்புகிறோம், பின் நம்பர் போடுங்க" என்கிறார்களா? பணம் வாங்குவதற்கு யுபிஐ பின் தேவையே இல்லை. பின் போட்டால் பணம் உங்கள் கணக்கிலிருந்து போகும்.

• இந்த வேலைக்கு மதிப்பெண்ணோ கிரெடிட்டோ உண்டா? அதை முடிவு செய்வது உங்கள் கல்லூரி. முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

பணம் போய்விட்டதா? வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள். தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும் பதியலாம். பரிவர்த்தனை எண், செய்தியின் ஸ்கிரீன்ஷாட், எதிராளியின் எண் ஆகியவற்றை அழிக்காமல் வைத்திருங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணத்தை நடுவழியில் நிறுத்தும் வாய்ப்பு அவ்வளவு அதிகம்.

3. ஒரு மாதிரிக் கணக்கு: மரப் பொம்மை

வேலை எப்படி இருக்கும் என்று ஓர் உதாரணத்தோடு பார்ப்போம். ஜெர்மனியில் ஒரு மரப் பொம்மை நிறுவனம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இந்தியாவில் விற்கலாமா என்று கேட்கிறது. குழுவில் ஜெர்மனி, பிரேசில், அமெரிக்க மாணவர்களோடு சென்னையிலிருந்து நீங்களும் இருக்கிறீர்கள்.

குழுவில் ஒருவர் சொல்வார்: "இந்தியாவில் 140 கோடி பேர். 1 சதவீதம் பேர் வாங்கினாலே 1.4 கோடி பொம்மை!" கேட்க நன்றாக இருக்கும். ஆனால் அந்த 1 சதவீதம் எங்கிருந்து வந்தது? யாருக்கும் தெரியாது. இங்கேதான் உங்கள் வேலை தொடங்குகிறது.

முதல் படி, பொருளின் குறியீடு. உலக வர்த்தகத்தில் ஒவ்வொரு பொருளுக்கும் எச்.எஸ். குறியீடு உண்டு. பொம்மைகளுக்கு 9503. இந்த எண்ணை 'டிரேட் மேப்' தளத்திலோ, நம் வணிக அமைச்சகத்தின் ஏற்றுமதி இறக்குமதித் தரவுத் தளத்திலோ போட்டால், இந்தியா எந்த நாட்டிலிருந்து எவ்வளவுக்கு வாங்குகிறது என்று ஆண்டுவாரியாகப் பார்க்கலாம்.

இரண்டாம் படி, வரி. பொம்மைகளுக்கான அடிப்படைச் சுங்க வரி 2020 பட்ஜெட்டில் 20 சதவீதத்திலிருந்து 60 சதவீதமாகவும், 2023 பட்ஜெட்டில் 70 சதவீதமாகவும் உயர்ந்தது. 70 சதவீதம் என்றால், துறைமுகத்துக்கு வந்து சேரும்போது ₹1,000 மதிப்புள்ள பொம்மைக்கு ₹700 வரி. அதற்கு மேல் ஜிஎஸ்டி, லாரி வாடகை, கடைக்காரர் லாபம் எல்லாம் இருக்கு. வரி விகிதம் மாறக்கூடியது. அறிக்கை எழுதும் வாரத்தில் சுங்கத்துறைத் தளத்தில் இன்னொரு முறை பார்த்துவிடுங்கள்.

மூன்றாம் படி, அனுமதி. 2021 ஜனவரி 1 முதல், 14 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கான பொம்மைகளுக்கு இந்தியாவில் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். வெளிநாட்டுத் தயாரிப்பாளரும் இந்தியத் தர நிர்ணய அமைப்பிடம் உரிமம் பெற்றாக வேண்டும். இது தெரியாமல் ஒரு கன்டெய்னர் சரக்கை அனுப்பினால், அது துறைமுகத்திலேயே நின்றுவிடும்.

நான்காம் படி, கடை. இதை ஜெர்மனியில் இருப்பவர் செய்ய முடியாது, நீங்கள்தான் செய்யணும். உங்கள் ஊரில் பத்து பொம்மைக் கடைகளுக்குப் போங்க. மரப் பொம்மை என்ன விலைக்குப் போகிறது, எந்த ஊர்ச் சரக்கு, யார் வாங்குகிறார்கள் என்று கேளுங்கள். பெட்டியில் உள்ள உரிம எண்ணை 'பி.ஐ.எஸ். கேர்' செயலியில் போட்டால் அது உண்மையான முத்திரையா என்று தெரிந்துவிடும். கர்நாடகத்தின் சென்னபட்டணா மரப் பொம்மைக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. அது போன்ற உள்ளூர்ப் பொருள்களோடுதான் அந்த ஜெர்மன் பொம்மை போட்டி போடணும்.

இப்போது அறிக்கை மாறுகிறது. "1.4 கோடி பொம்மை" போய், "இந்த விலையில் பெரிய நகரங்களில் ஒரு சிறு பிரிவினர்தான் வாங்குவார்கள், இறக்குமதிக்குப் பதில் இங்கேயே ஒரு தயாரிப்பாளரோடு சேர்ந்து செய்ய முடியுமா என்று பாருங்கள்" என்று வரலாம். "இப்போது வரவேண்டாம்" என்றுகூட வரலாம். ஆதாரத்தோடு சொன்னால் அதுவும் நல்ல ஆலோசனைதான். அது நிறுவனத்தின் பணத்தைக் காப்பாற்றும்.

4. குழுவில் நடந்துகொள்வது

நேரம்: இந்திய நேரம் இரவு 7:30 என்றால், செப்டம்பரில் ஜெர்மனியில் மாலை 4:00, நியூயார்க்கில் காலை 10:00, சாவோ பாலோவில் காலை 11:00. ஆனால் ஐரோப்பாவில் அக்டோபர் கடைசி ஞாயிறும், அமெரிக்காவில் நவம்பர் முதல் ஞாயிறும் கடிகாரத்தை 1 மணி நேரம் பின்னால் வைப்பார்கள். ஜெர்மனி நேரம் மாலை 4:00 என்று கூட்டம் வைத்திருந்தால், அதன்பின் நமக்கு இரவு 8:30 ஆகிவிடும். போன் காலண்டரில் நேர மண்டலத்தோடு பதிந்துவிட்டால் குழப்பம் இல்லை.

மொழி: ஆங்கிலம் தடுமாறுகிறதா? கூட்டத்துக்கு முன்பே நீங்கள் சொல்லப்போகும் மூன்று வரிகளை எழுதி அனுப்பிவிடுங்கள். கூட்டம் முடிந்ததும் யார் எதை என்றைக்குள் முடிப்பது என்பதைக் குழுவில் எழுத்தில் போடுங்கள். புரியவில்லை என்றால் அப்போதே கேளுங்கள். 'சரி' என்று சொல்லிவிட்டுச் செய்யாமல் விடுவதுதான் குழுவை உடைக்கும்.

பங்கு: பொதுவான கூகுள் டாக்ஸ் கோப்பில் எழுதினால், யார் எதை எப்போது எழுதினார் என்ற பதிவு இருக்கும். ஒருவர் ஒதுங்கினால் முதலில் அவரிடமே கேளுங்கள். உடல்நலமோ தேர்வோ காரணமாக இருக்கலாம். பதில் இல்லை என்றால் பேராசிரியரிடம் சொல்லுங்கள். கடைசி வாரம் வரை காத்திருக்காதீங்க.

ரகசியம்: நிறுவனம் தந்த விலைப்பட்டியல், வாடிக்கையாளர் விவரம் எதையும் ஸ்டேட்டஸில் போடாதீர்கள். பொதுவான ஏ.ஐ. செயலிகளிலும் ஒட்டாதீர்கள். ரகசியக் காப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் முழுதாகப் படித்து, பேராசிரியரிடமும் காட்டுங்கள்.

5. முடிந்த பிறகு

சான்றிதழை மட்டும் பத்திரப்படுத்தினால் போதாது. நீங்கள் சரிபார்த்த தகவல்கள், போட்ட கணக்கு, உங்கள் பேச்சால் மாறிய ஒரு முடிவு, இந்த மூன்றையும் ஒரு பக்கத்தில் எழுதி வையுங்கள். நேர்காணலில் "நீ என்ன செய்தாய்?" என்று கேட்கும்போது இதுதான் பதில். நிறுவனத்தின் ரகசிய எண்களை அதில் சேர்க்க வேண்டாம்.

உங்கள் கல்லூரியில் இப்படி ஒரு பாடம் இன்னும் இல்லையா? 2022 மார்ச் 1 அன்று தொடங்கப்பட்ட 'நான் முதல்வன்' திட்டத் தளத்தில் உங்கள் படிப்புக்குரிய திறன் பாடங்களைப் பாருங்கள். பிறகு நாலு பேர் சேர்ந்து துறைத் தலைவரைப் பார்த்து, வகுப்பைப் பதிவு செய்ய முடியுமா என்று கேளுங்கள்.

பயிற்சி

இந்த வாரம் உங்கள் வீட்டில் உள்ள ஓர் இறக்குமதிப் பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். (அ) அதன் எச்.எஸ். குறியீடு என்ன? (ஆ) இன்றைய சுங்க வரி எவ்வளவு? (இ) கட்டாயத் தர முத்திரை உண்டா? (ஈ) அதே மாதிரி உள்ளூர்ப் பொருள் கடையில் என்ன விலை? நாலுக்கும் விடையோடு, எங்கே பார்த்தீர்கள் என்பதையும் எழுதுங்கள். எங்கே பார்த்தோம் என்று எழுத முடியாத விடையை அடித்துவிட்டு மறுபடி தேடுங்கள்.