முதுகில் இரண்டு கோடுள்ள பாம்பு

புதிய வீட்டுத் திட்டங்களுக்கு நாங்கள் போகும்போது, "மிஸ், விரியன் குட்டி" என்று அடித்துப்போட்ட பாம்பைக் காட்டுவார்கள். பல தடவை அது விரியனே அல்ல. சிங்களத்தில் அஹரகுக்கா எனப்படும், விஷமில்லாத சிறு பாம்பு.

சுமார் ஒன்றரை அடி நீளம், பெருவிரலை விட மெல்லிய உடல், மண்ணிறம். முதுகின் இருபுறமும் வெளிர்மஞ்சள் கோடு ஒவ்வொன்று வால்வரை நீளவாக்கில் ஓடும். பின்பாதியில் கோடு நன்றாகத் தெரியும். முன்பாதியில் குறுக்கே கறுப்புப் பட்டிகள் இருப்பதால் சற்று மங்கலாகத் தெரியும். கட்டுவிரியனுக்கு நீளக்கோடு கிடையாது, கறுத்த உடலில் வெள்ளை வளையங்கள்தான். பயந்தால் அஹரகுக்கா கழுத்தைத் தட்டையாக்கும். நாகக்குட்டி என்று அதை அடிப்பது அதனால்தான்.

தவளை, தேரைதான் இதன் இரை. ஆகவே பீலிக்கரை, கான், வயல் வரப்பு, புல்தரை ஆகிய இடங்களில் பகலில் நடமாடும். மீரியபெத்த மண்சரிவுக்குப் (2014) பின் மக்கல்தெனியவில் கட்டியது போன்ற திட்டங்களில் ஒவ்வொரு வீட்டுக்கும் தோட்டமும் கானும் உண்டு. கழிவுநீர் தேங்கினால் தவளை வரும், தவளைக்குப் பின்னால் பாம்பு வரும். கானைத் துப்புரவாக வைத்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

நீங்கள் உண்மையில் அஞ்சவேண்டியது குனகட்டுவா. குட்டையான தடித்த உடல், முக்கோணத் தலை, மேல்நோக்கி நிமிர்ந்த மூக்கு நுனி. காய்ந்த இலைக்குள் அசையாமல் கிடக்கும், கொழுந்து மலையிலும் உண்டு. இதன் விஷம் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும். நம் வைத்தியசாலைகளில் உள்ள விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகியவற்றின் விஷத்துக்கென இந்தியாவில் தயாரிக்கப்படுவது. குனகட்டுவா கடிக்கு அது பலன் தராது. எனவே கடித்தது எது என்று டொக்டரிடம் சரியாகச் சொல்வது முக்கியம். அடையாளம் தெரியாமல் "விரியன்" என்று சொல்லிவிடாதீர்கள், பார்த்ததை மட்டும் சொல்லுங்கள். தூரத்திலிருந்து போனில் படம் எடுக்க முடிந்தால் நல்லது. பாம்பைத் துரத்திப் பிடிக்க வேண்டாம், செத்த பாம்பைக் கையால் தொடவும் வேண்டாம்.

அஹரகுக்காதான் கடித்தது என்று உங்களுக்கு நிச்சயமாகத் தோன்றினாலும் வைத்தியசாலைக்குப் போங்கள். வளையல், மோதிரத்தைக் கழற்றுங்கள். கடித்த கையையோ காலையோ அசைக்காமல் வையுங்கள். கயிற்றால் கட்டுவது, பிளேடால் கீறுவது, வாயால் உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். வாகனம் இல்லாவிட்டால் 1990க்கு அழையுங்கள், அம்புலன்ஸ் இலவசமாக வரும்.