கணினி நிரலிற் குறிப்புரை வழுக்கள்

மூலநிரலை இயங்குபொருளாக ஆக்கும் கருவியை மாற்றுங்கால், மறைந்து கிடந்த வழுக்கள் வெளிப்படுதலுண்டு. 2014 இல் வந்த ஜாவா 8, நிரலோடு எழுதப்படும் குறிப்புரைகளைக் கண்டிப்பாகச் சோதிக்கலாயிற்று. ஆண்ட் என்னும் பழைய கருவி, வேறு கட்டளை இல்லாவிடின், அவ்வழுக்களை அறிவித்துவிட்டு மேற்செல்லும். மாவென் என்பது அவ்விடத்தே நின்றுவிடும். பழி மாவெனுக்கு, வழுவோ பழையது!

நிரலில் ‘அளவு’ எனப் பெயர் மாறிய உள்ளீடு குறிப்புரையில் ‘நீளம்’ என்றே நிற்கும். வகைப்பெயரைச் சூழ்ந்த கோணக்குறி எச்டிஎம்எல் குறியென மயங்கும். பின்னது தோற்றத்தைக் கெடுக்கும். முன்னதோ பயில்வோனை வழிதவறச் செய்யும். சோதனையை அடக்கும் ஆணையும் உண்டு. பலர் அதனையே நாடினர். நாம் அதனை வேண்டோம். பெயர் வழுக்களைப் பழைய கருவி இருக்கும்போதே தனிப்பதிவாகத் திருத்தி, அதன்பின் மாவெனுக்குச் செல்லுதலே நமக்கு உடன்பாடு.