மாணாக்கர் குறும்படம் ஆக்குமாறு

தமிழ் பயிலும் மாணாக்கர்க்கும் படமெடுக்கும் தொழிலுக்கும் யாது தொடர்பென இவ்விதழைப் படிக்கும் அன்பர்கள் வினவுதல் கூடும். காட்சித் தொடர்பியல் பயிலும் எம் நண்பரொருவர், தம் இறுதியாண்டில் ஒப்புவிக்க வேண்டிய குறும்படத்திற்கு உரையாடல் எழுதித் தருமாறு எம்மை வேண்டினார். யாமும் மகிழ்ந்து இசைந்தேம். மூன்றிரவு கண்விழித்துப் பதினெட்டுப் பக்கம் எழுதிக் கொடுத்தேம். அவர் அதனை முற்றும் படித்துவிட்டு, "எல்லாம் அழகாய்த்தான் இருக்கிறது, ஆனால் இதில் காமிராவுக்கு ஒரு வேலையும் இல்லையே!" என்றார். அச்சொல் எம்மைச் சுட்டது. சுட்ட பின்னரே இத்துறையைக் கற்கத் தொடங்கினேம். எம்போல் எழுதுகோல் ஒன்றனையே நம்பி இதனுட் புகுவார்க்குப் பயன்படுமென்று, கற்றவற்றுட் சிலவற்றை ஈண்டு வரைகின்றேம்.

பட்டத் தேர்வுக்குரிய குறும்படம் என்பது ஒருவர் தாம் கற்ற கலையனைத்தையும் ஒருங்கே காட்டுதற்கு அமைந்த பரீட்சையாகும். மாஸ்கோ நகரில் 1919-ஆம் ஆண்டில் தோன்றிய அரசாங்கத் திரைப்படக் கல்விக்கழகம் இத்தகைய கல்லூரிகளுள் மிகப் பழையது. நம் நாட்டிற் புனே நகரத்தில், பிரபாத் படநிலையம் இருந்த இடத்தில் 1960-ஆம் ஆண்டில் ஒரு கல்லூரி நிறுவப்பெற்றது. ஆங்குப் பயின்றாரும் படமொன்றை எடுத்துக் காட்டியே கல்வியை முடித்தல் வழக்கம். ஏனைப் பாடங்களில் மூன்று மணி நேரம் விடையெழுதித் தேறிவிடலாம். இங்கோ விடையே திரையில் ஓடிக் காட்ட வேண்டும். ஆகலின், கற்றதனைத்தையும் ஒரு படத்துள்ளே திணிக்கும் ஆசை எழுகின்றது. காதலும் வேண்டும், கொலையும் வேண்டும், சமூகச் சீர்திருத்தமும் வேண்டும், இறுதியில் ஒரு கனவும் வேண்டும் என்று தொடங்கினார் பலர் இடைவழியில் நின்றுவிடுகின்றனர்.

இதற்கு மாறாய் நடந்து வென்றார் ஒருவர் வரலாறு நமக்கு நல்ல பாடமாகும். ஆந்திரே தார்க்கோவ்ஸ்கி என்பார் மேற்கூறிய மாஸ்கோக் கழகத்தில் மிகயில் ரோம் என்னும் ஆசிரியர்பாற் பயின்றவர்; பின்னாளில் உலகப் புகழ் எய்தியவர். அவர் 1960-ஆம் ஆண்டில் தம் பட்டத்திற்கென எடுத்த படத்தின் பெயரை 'உருளைப் பொறியும் பிடிலும்' என்று தமிழிற் கூறலாம். உருளைப் பொறி யென்றது நம் தெருக்களிற் சிறுவர் கூடிநின்று வியக்கும் ரோடு ரோலரையே. படம் ஏறத்தாழ முக்கால் மணி நேரம் ஓடும். கதையோ ஒரு பகற்பொழுதில் முடிந்துவிடுகின்றது. பிடில் கற்கும் சிறுவன் ஒருவனை அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் வழிமறித்துப் பரிகசிக்கின்றனர். சாலை போடும் தொழிலாளி யொருவர் அவனுக்குத் துணையாகின்றார். இருவரும் நண்பராகி, மாலையில் 'சப்பாயெவ்' என்னும் பழைய படத்தை ஒருங்கே காண்பதென்று பேசிக்கொள்கின்றனர். தாய் அவனை விடவில்லை. அவ்வளவே கதை. உயிர்ச்சேதம் இல்லை, பெரும்பொருள் இழப்பும் இல்லை. ஆயினும், வர இயலாத சிறுவனுக்காகத் தெருவில் அத்தொழிலாளி காத்து நிற்குங்கால், காண்பார் நெஞ்சு கனக்கின்றது.

எங்ஙனம் இது நிகழ்ந்தது? ஒருவன் ஒன்றனை விரும்புகின்றான். அதற்கு ஒரு தடை உளது. காலமோ அந்த மாலை ஒன்றே. குறும்படத்தின் கதைக்கு இம்மூன்றும் அமைந்தாற் போதும். இவற்றை ஒரே வாக்கியத்தில் எழுத முடியாத கதையைக் குறும்படத்திற்குக் கொள்ளற்க. எம் பதினெட்டுப் பக்கத்தையும் அவ்வாறு ஒரு வாக்கியமாக்க முயன்றேம்; நான்கு வாக்கியங்கள் வந்தன. நான்கும் வெவ்வேறு கதைகளாயிருந்தன!

அப்படத்தில் எம்மை மிகத் தெருட்டியது ஓர் ஆப்பிள் பழம். இசைப்பள்ளியின் கூடத்திற் காத்திருக்கும் சிறுமியருகே, அச்சிறுவன் ஓர் ஆப்பிளை வைத்துவிட்டு ஆசிரியையிடம் செல்கின்றான். உள்ளே தாளக்கருவியின் ஒலிக்கு அடங்காது வாசித்தமையாற் கண்டனம் பெறுகின்றான். அவன் வெளிவருங்கால் அப்பழத்தில் நடுத்தண்டு மட்டுமே எஞ்சிக் கிடக்கின்றது. சிறுமி அதனை விரும்பியது, தயங்கியது, தின்றது எல்லாம் சொல்லின்றியே விளங்குகின்றன. இதனை யாம் எழுதியிருப்பின், அவளுக்கு ஒரு பக்கம் நன்றியுரை வகுத்திருப்பேம் என்பதில் ஐயமில்லை.

நிற்க. தொல்காப்பியர் அகப்பாட்டின் பொருளை முதல், கரு, உரி என மூன்றாக வகுத்தனர். நிலமும் பொழுதும் முதல்; அந்நிலத்திற்குரிய பொருள்கள் கரு; மாந்தர் மனத்து நிகழும் ஒழுக்கம் உரி. குறும்படம் திட்டமிடுவார்க்கு இதனினும் சிறந்த அட்டவணை கிடைத்தல் அரிதென்பது எம் துணிபு. இது தமிழ் மாணவர் தற்பெருமை யென்று நண்பர் நகைத்தார். எனினும் தம் குறிப்பேட்டில் அம்மூன்று தலைப்புகளையும் எழுதிக்கொண்டார். தார்க்கோவ்ஸ்கியின் படத்திலே மழையும் தேங்கிய நீரும் ஒளிச்சிதறலும் முதலாயின. பிடிலும், சிவந்த உருளைப் பொறியும், உண்ணும் ரொட்டியும் பாலும் கருவாயின. நட்பும் பிரிவும் உரியாயின. உரியை வாயாற் சொல்லாது கருவாற் காட்டுதலே இக்கலையின் நெறியென்க.

இனி எம் கதைக்கு வருவேம். பழைய அச்சகம் ஒன்று மூடப்பெறுகின்றது. ஈய எழுத்துகளெல்லாம் எடைக்கு விற்கப்பட்டுவிட்டன. முதிய அச்சுக்கோப்பாளர் கடைசியாக ஒரு திருமண அழைப்பைக் கோத்து முடிக்க விரும்புகின்றார். மணமகள் பெயர் தமிழ்ச்செல்வி. பெட்டியில் 'ழ்' என்னும் எழுத்து ஒன்றும் இல்லை. முதற்படியில், இவ்விடத்து யாம் அவரைக்கொண்டு சிறப்பு ழகரத்தின் பெருமையை இரண்டு பக்கம் பேசுவித்திருந்தேம்! "முப்பது வருஷம் எழுத்துக் கோத்தவர் எழுத்தைப் பற்றிச் சொற்பொழிவு செய்வாரா? தேடமாட்டாரா?" என்று நண்பர் வினவினார். உண்மையே. தேடும் மனிதரைக் காட்டின் அதுவே படம். இப்பொழுது அவர் பழைய இரும்புக் கடைக்குச் சென்று, ஈயம் நிறைந்த சாக்குள்ளே கையை நுழைத்து, விரல்நுனியாலேயே அவ்வெழுத்தைத் தேடுகின்றார்.

இக்காட்சியைச் சரிவர அமைத்தற்கு யாம் ஓர் அச்சகத்திற் சென்று இரண்டு நாள் இருந்து பார்த்தேம். கோப்பவர் இடக்கையிற் சட்டத்தைப் பிடித்து, வலக்கையால் எழுத்துகளை எடுத்து அடுக்குதலும், மாறித் தோன்றும் அவ்வெழுத்துகளை நாம் நேரெழுத்தைப் படிப்பது போலவே விரைந்து படித்தலும் கண்டேம். ஓர் எழுத்து இல்லாவிடின், அதே அகலமுள்ள வேறோர் எழுத்தைத் தலைகீழாய்ச் செருகி இடம் காத்து வைப்பராம். இவ்வழக்கத்தை எந்நூலினும் யாம் படித்திலேம். படத்தில் இப்பொழுது இதுவே நடுநாயகமாய் நிற்கின்றது. கற்பனை வறண்டவிடத்து, தொழில் செய்வார் அருகிற் சென்று அமர்ந்திருத்தல் நலம்.

கதை உறுதிப்பட்ட பின்னரே திரைக்கதை எழுதுக. ஒழுங்காக எழுதப்பெற்ற ஒரு பக்கம் திரையில் ஏறக்குறைய ஒரு நிமிஷம் ஓடுமென்பது படத்தொழிலார் கணக்கு. நண்பர்க்கு விதித்த எல்லையோ பன்னிரண்டு நிமிஷம். எம் பதினெட்டுப் பக்கத்தின் குற்றம் இக்கணக்கினாலே வெளிப்பட்டது. பிலிம் சுருளிற் படமெடுத்த காலத்தில் இச்சிக்கனம் தானே வந்தமைந்தது. நொடிக்கு 24 படமாக ஓடும் 16 மில்லிமீட்டர் பிலிமில், 400 அடிச் சுருள் ஏறத்தாழப் பதினோரு நிமிஷத்தில் தீர்ந்துவிடும். ஒவ்வோர் அடிக்கும் விலை கொடுத்தமையால், முன்னரே பலகால் ஒத்திகை பார்த்துக்கொண்டனர். இக்காலத்து மின்னணுக் காமிராவில் அத்தடை இல்லை. ஆதலின் ஒரே காட்சியை முப்பது முறை எடுத்துவைத்து, எது நன்றென அறியாது தொகுப்பறையில் மயங்குவாரைக் காண்கின்றேம்.

கைப்பொருள் சுருங்கியதென வருந்துவார்க்கு மற்றொரு சான்று தருவேம். ஜார்ஜ் லூகாஸ் என்பார் தெற்குக் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் மாணாக்கராயிருந்த காலை, 1967-ஆம் ஆண்டில் வருங்கால நகரமொன்றினின்றும் தப்பியோடும் மனிதனைப் பற்றிப் பதினைந்து நிமிஷப் படம் எடுத்தனர். வருங்கால நகரத்தைக் கட்டுதற்குப் பணம் ஏது? வண்டிகள் நிறுத்தும் கட்டடங்களும், விமான நிலையமும், கணிப்பொறிக் கூடமும் அவர்க்கு நகரமாயின. படம் பயில வந்திருந்த கடற்படையினர் வகுப்பொன்றிற்கு அவர் துணையாசிரியராய் இருந்தமையின், அம்மாணாக்கரே உதவியாளர் ஆயினர். அப்படமே 1971-இல் நெடும்படமாக விரிந்தது. கையிலுள்ளவற்றை முதலில் எண்ணிப் பார்த்து, அவற்றிற்கேற்பக் கதையை வளைத்துக்கொண்டமை இங்குக் கருதத்தக்கது.

தோழரைத் தெரிதலும் திட்டத்தின் ஒரு பகுதியே. தார்க்கோவ்ஸ்கி தம் படத்திற்கு உருசெவ்ஸ்கி என்னும் புகழ்பெற்ற ஒளிப்பதிவாளரை விரும்பினார், அவர் கிடைத்திலர். பின்னர் வதிம் யூசோவ் என்பார் சேர்ந்தனர். திரைக்கதையை உடனிருந்து எழுதியவர் அக்கழகத்து மாணாக்கராகிய கொஞ்சலோவ்ஸ்கி. யூசோவே அடுத்து 'இவானின் இளமைப் பருவம்' என்னும் படத்தையும் ஒளிப்பதிவு செய்தார். அது 1962-இல் வெனிஸ் விழாவிற் பொற்சிங்கப் பரிசு பெற்றது. புகழாளர் வரவில்லையே யென்று படத்தை நிறுத்தியிருப்பின் அத்தோழமை வாய்த்திராது.

படப்பிடிப்பு அட்டவணை பற்றிச் சிறிது கூறுவேம். கதை நடக்கும் முறையிலேயே எடுத்தல் வேண்டுவதில்லை. ஓரிடத்து நிகழ்வனவெல்லாம் ஒருசேர எடுக்கப்படும். அச்சகத்தில் நிகழும் தொடக்கமும் முடிவும் ஒரே நாளில் எடுப்பதாயின், முதியவர் சட்டையில் மைக்கறை எந்தக் காட்சியில் உண்டு, எதில் இல்லை யென்பதை ஒருவர் எழுதிக்கொண்டேயிருத்தல் வேண்டும். வெயிலையும் எண்ணுக, உச்சிப்பொழுதில் முகங்களின் கண்குழியில் நிழல் படியும். உணவுச் செலவை மறவற்க. பத்துப் பேர் பசித்திருப்பின் எந்தக் கலையும் நடவாது.

எல்லாவற்றினும் மேலாக, இடம் பார்க்கச் செல்வார் கண்ணோடு காதையும் கொண்டு செல்க. இது யாம் இழுக்குப்பட்டுக் கற்றது. அச்சகத்தை யாம் முதலிற் பார்த்தது ஞாயிற்றுக்கிழமை, அமைதியாயிருந்தது. சோதனைக்கென ஒரு காட்சி எடுக்கச் சென்றது செவ்வாய்க்கிழமை. அடுத்த கட்டடத்து மாவரைக்கும் இயந்திரம் காலை முதல் மாலை வரை நின்றிலது. ஒரு சொல்லும் பதிவாகவில்லை. அன்று முழுதும் வீணாயிற்று. வாடகைக்கு எடுத்த ஒலிப்பதிவுக் கருவிக்கு நண்பர் தம் உணவு விடுதிப் பணத்தைக் கொடுத்திருந்தார். அவர் எம்மை ஒன்றும் கூறவில்லை. அவ்விடத்தைத் தெரிந்து சொன்னவர் யாமேயாதலின், கூறியிருப்பின் நன்றாயிருக்குமென்று தோன்றியது.

அவ்விழப்பிலும் ஒரு பயன் விளைந்தது. ஒலியின்றி அக்காட்சியைத் திரையிலிட்டுப் பார்த்தபோது, முதியவராய் நடித்தவர் விரல்கள் எழுத்துப் பெட்டியின் வெறுமையான அறைகளைப் பழக்கத்தால் தொட்டுச் செல்லுதல் கண்டேம். யாம் எழுதிய பேச்சு கேளாமையால் ஒரு குறையும் தோன்றவில்லை. அன்றிரவே எழுதுகோலைப் பிடித்து அடிக்கத் தொடங்கினேம்.

படப்பிடிப்பு தை மாதத்து மூன்று ஞாயிறுகளில் நடக்கவிருக்கின்றது. மாவரைக்கும் கடைக்கு அந்நாட்களில் விடுமுறை. பதினெட்டாயிருந்த பக்கங்கள் பதினொன்றாயின. முதியவர்க்கு எஞ்சியவை நான்கே வாக்கியங்கள். இரும்புக் கடையில் அவர் கூறும் ஒன்றனையும் எடுத்துவிடலாமென்று நண்பர் சொல்லுகின்றார். யாம் இன்னும் இசைந்திலேம்.