கரிசல்காட்டுக்காரர்களுக்கு ஆற்றங்கரை விடுமுறை

ஊட்டி, கொடைக்கானலுக்குச் செலவழிக்கும் முன் பக்கத்திலிருக்கும் திருநெல்வேலியை யோசியுங்கள். மானாவாரி பூமியான கோவில்பட்டியிலிருந்து சுமார் 55 கி.மீ.தான். பஸ்ஸும் உண்டு, ரயிலும் உண்டு. இறங்கினால் தாமிரபரணி.

காலையிலேயே குறுக்குத்துறைக்குப் போய்விடுங்கள். ஆற்றுக்குள்ளேயே முருகன் கோவில். வெள்ளம் வந்தால் உற்சவர் கரையிலுள்ள மேலக்கோவிலுக்குப் போய்விடுவார். குளிக்க மாற்றுத்துணி அவசியம். மழைக்காலத்தில், அணையில் தண்ணீர் திறக்கும் நாட்களில் இறங்கவே வேண்டாம். நம் பிள்ளைகள் கண்மாயில் நீச்சல் பழகியவர்களாக இருக்கலாம். ஆற்றின் இழுப்பு வேறு.

வெயில் ஏறியதும் நெல்லையப்பர் கோவில். நடை உச்சிவேளையில் சாத்துவார்கள், அதற்குள் இசைத்தூண்களையும் தாமிர சபையையும் பார்த்துவிடுங்கள். எதிரே இருக்கும் இருட்டுக்கடை மாலையில்தான் திறக்கும். வரிசையில் நிற்கப் பொறுமை இல்லையா? டவுனில் வேறு நல்ல அல்வாக் கடைகளும் இருக்கின்றன, கௌரவம் பார்க்க வேண்டாம்.

இன்னொரு நாள் கையிலிருந்தால் பாபநாசம், அகஸ்தியர் அருவி. குற்றாலம் வறண்ட மாதங்களிலும் இங்கே பெரும்பாலும் தண்ணீர் விழும். வனத்துறைச் சோதனைச்சாவடியில் பிளாஸ்டிக்கைப் பிடுங்கிக்கொள்வார்கள். தூக்குவாளியில் புளியோதரை கட்டிக்கொள்ளுங்கள்.

சோப்பு, ஷாம்பு, பழைய துணி எதையும் ஆற்றில் விடாதீர்கள். தூத்துக்குடி வரை அதைத்தான் குடிக்கிறார்கள்.