அப்பா கடைக்கு லினக்ஸ் போடும் முன்

வில்லாபுரம், மதுரை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதுகிறேன்.

உன் அம்மா போனில் இரண்டு விஷயம் சொன்னாள். கிராபிக்ஸ் கார்டு வைத்த லேப்டாப் கேட்டு நீ அடம்பிடிக்கிறாய் என்பது ஒன்று. அப்பாவின் திருமங்கலம் டிடிபி கடையில் இருக்கிற கணினிகளில் விண்டோஸைத் தூக்கிவிட்டு லினக்ஸ் போடப்போகிறேன் என்று நீ நின்றதில், அப்பாவும் நீயும் பேச்சுவார்த்தை இல்லாமல் இருக்கிறீர்கள் என்பது இன்னொன்று. நீ எனக்கு அனுப்பிய நீளமான கடிதத்தையும் படித்தேன். விண்டோஸ் நம்மை வேவு பார்க்கிறது, லினக்ஸ் வகைகளில் உபுண்டு விலைபோய்விட்டது, ஆர்ச் போடத் தெரியாதவனுக்குக் கணினி எதற்கு, விளையாட்டுக்கும் இனி லினக்ஸே போதும் என்று ஒரே மூச்சில் எழுதியிருக்கிறாய். படிக்கும்போது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. நீ நிற்கிற பக்கம் சரியான பக்கம் என்றே நானும் நினைக்கிறேன். ஆனால் அது ஏன் சரி என்பது உன் கடிதத்தில் எங்கேயும் இல்லை. அதனால்தான் இவ்வளவு பெரிய பதில்.

நம் அரவிந்த் கண் மருத்துவமனையிலிருந்தே தொடங்குகிறேன். 1976-ல் டாக்டர் வெங்கடசாமி மதுரையில் 11 படுக்கையோடு ஆரம்பித்தது என்பது உனக்குத் தெரியும். அதன் தேனி மருத்துவமனையில் 2000-களின் நடுவில் நடந்த வேலை உனக்குத் தெரிந்திருக்காது. போடி, சின்னமனூர், பெரியகுளம் மாதிரி ஊர்களில் சிறிய பார்வை மையம் வைப்பது, அங்கே வருகிற நோயாளியைத் தேனியில் உட்கார்ந்திருக்கும் மருத்துவர் வீடியோவில் பார்த்துப் பேசுவது என்று திட்டம். அன்றைக்கு அந்த ஊர்களில் கிடைத்த இணைய வேகம் வீடியோவைத் தாங்காது. தனியாகக் கேபிள் இழுப்பதும் கட்டுபடியாகாது. அமெரிக்காவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் எரிக் புரூவர் என்ற பேராசிரியரின் குழு ஒரு வழி வைத்திருந்தது. வீட்டில் ஓடுகிற அதே வைஃபையைக் கோபுரத்தில் ஏற்றி, ஒரே திசையைப் பார்க்கிற ஆண்டெனா பூட்டி, பல கிலோமீட்டர் தூரத்துக்கு அனுப்புவது.

வைஃபை அவ்வளவு தூரத்துக்காகச் செய்ததில்லை. ஒரு பொட்டலம் தகவல் போனதும் ‘வந்து சேர்ந்தது’ என்று எதிர்முனை உடனே பதில் சொல்ல வேண்டும். மைக்ரோவினாடிகளில் அளக்கிற கெடுவுக்குள் பதில் வராவிட்டால் தொலைந்துபோனது என்று எண்ணி அதையே மறுபடி அனுப்பும். தூரம் கூடக் கூடப் பதில் பிந்துகிறது. போய்ச் சேர்ந்ததையே திரும்பத் திரும்ப அனுப்பி இணைப்பு திணறிப்போகும். அந்தப் பக்கம் பேசுவது இந்தப் பக்கம் நேரத்துக்குக் காதில் விழாததால் இரண்டும் ஒரே சமயத்தில் பேசி மோதிக்கொள்ளும். கடையில் வாங்குகிற மூடிய பெட்டியாக இருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். அவர்கள் லினக்ஸ் ஓடும் சிறு கணினிப் பலகைகளை எடுத்துக்கொண்டார்கள். வைஃபை கார்டை இயக்கும் டிரைவரின் நிரல் திறந்து கிடந்தது. அதற்குள் போய், பொட்டலத்துக்கு ஒரு பதில் என்ற முறையை நிறுத்தினார்கள். இவ்வளவு நேரம் நீ பேசு, அடுத்து நான் பேசுகிறேன் என்று இரண்டு முனைக்கும் முறை வைத்தார்கள். இணைப்பு உறுதியாக நின்றது. வைல்ட்நெட் என்ற பெயரில் 2007-ல் அது ஆய்வுக் கட்டுரையாகவும் வந்தது. கிராமத்துப் பாட்டி ஒருத்தி பஸ் ஏறித் தேனிக்குப் போகாமலே மருத்துவரைப் பார்த்துப் பேச முடிந்தது, யாரோ எழுதிய டிரைவரை வேறு யாரோ திறந்து திருத்த அனுமதி இருந்ததால்தான்.

இதன் பின்பாதியையும் கேள். அதே குழு 2008-ல் இன்னொரு கட்டுரை எழுதியது. கிராமத்தில் வலைப்பின்னலைப் போடுவது ஒரு வேலை, அதை உயிரோடு வைத்திருப்பது வேறு வேலை என்பதுதான் அதன் பொருள். பெரிய எதிரி நம் ஊர் மின்சாரம். திடீரென ஏறும், இறங்கும், நிற்கும். அடாப்டர் எரியும், பலகை பாதியில் உறைந்து நிற்கும், அடிக்கடி மின்சாரம் போய்ப்போய் வந்ததில் மெமரி கார்டில் இருந்தது கெட்டுப்போகும். பெர்க்லியிலிருந்து ஒவ்வொரு தடவையும் ஆள் பறந்து வர முடியுமா? உள்ளூரில் வேலை பார்த்தவர்களுக்குக் கற்றுக்கொடுத்து, அவர்கள் கையில் பராமரிப்பு வந்த பிறகுதான் அது ஊன்றி நின்றது.

அப்படி ஆள் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் நம் ஊரிலேயே சாட்சி உண்டு. 2011 செப்டம்பரில் தமிழக அரசு தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்த்துக் கொடுத்தார்கள். சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாக வைத்துச் செய்த நல்ல மென்பொருள் அது. என்னிடம் சர்வீசுக்கு வந்த அந்த மடிக்கணினிகளில் பெரும்பாலும் பாஸ் இருந்த இடத்தை அழித்துச் சினிமாப் படம் வைத்திருந்தார்கள். பிள்ளைகளை நான் குற்றம் சொல்லமாட்டேன். இதை வைத்து இன்னது செய்யலாம் என்று பக்கத்தில் உட்கார்ந்து காட்ட அவர்களுக்கு ஒருத்தரும் கிடைக்கவில்லை. அப்பா கடையில் நீ லினக்ஸ் போட்டுவிட்டுக் கோயம்புத்தூர் ஹாஸ்டலுக்குப் போய்விட்டால் மறுநாள் காலை அங்கே யார் இருப்பார்கள்?

உன் கடிதத்தில் என்னை வருத்தியது ஒன்று உண்டு. ஏதோ ஒரு மென்பொருளில் பிழை இருக்கிறது என்று அதை எழுதியவரைத் திட்டி நாலு வரி போட்டதாகவும், அவர் வாயடைத்துப் போனதாகவும் பெருமையாக எழுதியிருந்தாய். எக்ஸ்இசட் கதையைப் படித்துப் பார். கோப்புகளைச் சுருக்கும் சின்ன நிரல், கிட்டத்தட்ட எல்லா லினக்ஸிலும் இருப்பது. லாசே கோலின் என்ற ஒரே மனிதர் சம்பளம் இல்லாமல் பல வருடம் அதைக் கவனித்துவந்தார். களைத்துப் போயிருந்தார், வெளிப்படையாகச் சொல்லவும் செய்தார். வேலை மெதுவாக நடக்கிறது, வேறு ஆளிடம் கொடு என்று முகம் தெரியாத சிலர் அவரை நச்சரித்தார்கள். உதவ வந்த ஜியா டான் என்ற பெயர்க்காரர் இரண்டு வருடத்துக்கும் மேல் நம்பிக்கை சம்பாதித்துப் பொறுப்பை வாங்கி, உள்ளே ஒரு திருட்டு வாசலை வைத்தார். 2024 மார்ச்சில் ஆண்ட்ரெஸ் பிராய்ன்ட் என்ற பொறியாளர், தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய வழக்கத்தைவிட அரை வினாடி கூடுதலாகிறதே என்று தோண்டிப் போய் அதைக் கண்டுபிடித்தார். இல்லாவிட்டால் உலகத்துச் சர்வர்களில் ஏராளமானவை திறந்த வீடாகியிருக்கும். அவர் வேலை பார்ப்பது நீ தினமும் வைகிற மைக்ரோசாஃப்டில். நிரல் திறந்திருந்தால் ஆயிரம் கண்கள் பார்க்கும், அதனால் பாதுகாப்பு என்று எழுதியிருக்கிறாயே, அன்றைக்குப் பார்த்தது ஒருத்தருடைய கண். கவனித்துக்கொண்டிருந்தவரும் ஒருத்தர்தான், அவரையும் வாட்டி எடுத்தார்கள். பிழை கண்டால் எந்தப் பதிப்பு, என்ன செய்தபோது வந்தது, என்ன நடந்தது என்பதைப் பொறுமையாக எழுதி அனுப்பு. முடிந்தால் திருத்தத்தையும் சேர்த்து அனுப்பு. திட்டுகிற பழக்கத்தை இன்றோடு விட்டுவிடு.

விளையாட்டுக்கு வருகிறேன். ஆடாதே என்று சொல்லமாட்டேன். லினக்ஸில் ஆட முடியும் என்று நீ சொல்வதும் பெருமளவு உண்மை. விண்டோஸ் நிரல்களை லினக்ஸில் ஓடவைக்க 1993-ல் தொடங்கிய வைன் திட்டத்தின் மேல் வால்வ் நிறுவனம் 2018-ல் புரோட்டானைக் கட்டியது, 2022-ல் லினக்ஸ் ஓடும் ஸ்டீம் டெக் என்ற கையடக்க விளையாட்டுக் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. விண்டோஸுக்கு எழுதிய ஆட்டங்கள் ஆயிரக்கணக்கில் இன்று லினக்ஸில் ஓடுகின்றன. ஆனால் நீயும் உன் கூட்டாளிகளும் ஆடுகிற வேலரண்ட் ஓடாது. ஏமாற்றுக்காரர்களைப் பிடிக்க அது விண்டோஸின் கருவுக்குள்ளேயே ஒரு காவல் நிரலை உட்கார வைக்கிறது. ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ் முன்பு லினக்ஸில் ஓடியது. 2024 அக்டோபரில் ஏமாற்று வேலையைக் காரணம் காட்டி அதை நடத்தும் நிறுவனம் லினக்ஸுக்குக் கதவை மூடியது. அவர்கள் சொல்கிற தொல்லை நிஜமானது. ஆனாலும் வங்கிக் கணக்கையும் கல்லூரி வேலையையும் வைத்திருக்கிற கணினியில், அவ்வளவு ஆழத்துக்கு ஒரு விளையாட்டு நிறுவனத்தை விடுவது எனக்குச் சம்மதமில்லை. அந்த ஆட்டம் வேண்டுமென்றால் நண்பன் கணினியில் ஆடு. கிராக் போட்ட ஆட்டத்தைப் பென் டிரைவில் வாங்கிவராதே. என்னிடம் வருகிற வைரஸ் கேஸ்களில் பாதி அந்த வழியாக வந்தவை. பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டத்தின் பக்கமே போகாதே. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் அதைத் தடுத்துச் சட்டமே இயற்றிவிட்டது.

ஆடுகிற நேரத்தில் பாதியை ஆட்டம் செய்வதற்குக் கொடேன். ஆட்டம் செய்ய உதவும் கோடோ 2014-லிருந்து திறந்த மென்பொருள், உன் பழைய கணினியிலேயே ஓடும். முப்பரிமாணப் படம் செய்யும் பிளெண்டரும் திறந்ததுதான். 2025-ல் ஆஸ்கர் வாங்கிய ‘ஃப்ளோ’ படம் முழுக்கப் பிளெண்டரில் செய்தது. நம் ஜல்லிக்கட்டை வைத்துத் தமிழில் பேசுகிற ஒரு சின்ன ஆட்டம் நீ செய்து காட்டினால், புது லேப்டாப்புக்கு அப்பாவிடம் நானே பேசுகிறேன்.

இனி அப்பா கடை. மாப்பிள்ளை, அந்தக் கடையை நீ சரியாகப் பார்த்ததில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து ஃபிளெக்ஸ், கோயில் திருவிழா நோட்டீஸ் என்று வருடக்கணக்கில் செய்த வேலையெல்லாம் பேஜ்மேக்கர், கோரல் கோப்புகளாகக் கிடக்கின்றன. போன வருடத்து நோட்டீஸில் தேதியை மட்டும் மாற்றிக் கொடுங்கள் என்று வருகிறவர்கள்தான் அந்தக் கடைக்குச் சோறு போடுகிறார்கள். அந்தக் கோப்புகளில் இருப்பது யுனிகோடு தமிழ் இல்லை. பாமினி, வானவில் மாதிரிப் பழைய எழுத்துருக்கள், ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தை உட்கார வைத்தவை. எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் அத்தனையும் ஆங்கிலக் குப்பையாகத் தெரியும். பேஜ்மேக்கரின் கடைசிப் பெரிய பதிப்பு வந்தது 2001-ல். அதைச் செய்த நிறுவனம் எப்போதோ கைவிட்டுவிட்டது. அப்பாவின் உழைப்பில் பெரும்பகுதி செத்துப்போன ஒரு மென்பொருளுக்குள் பூட்டிக்கிடக்கிறது. திறந்த மென்பொருள் வேண்டும் என்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் உன் வீட்டில் இல்லை. நீ அதை ஒரு வார்த்தைகூட எழுதவில்லை.

எனவே எதையும் அழிக்காதே. முதலில் எல்லாக் கோப்புகளையும் எழுத்துருக்களோடு இரண்டு ஹார்டு டிஸ்கில் நகலெடு. பழைய விண்டோஸ் கணினி ஒன்றை இணையம் இல்லாமல் அப்படியே விட்டுவை. லிப்ரே ஆபீஸ் 2015-ல் வந்த 4.4 பதிப்பிலிருந்து பேஜ்மேக்கர் கோப்பைத் திறக்கிறது, எல்லாம் இருந்த இடத்தில் வந்துவிடாது, ஆனால் எழுத்தை மீட்கலாம். மீட்டதை யுனிகோடுக்கு மாற்ற ‘ஓப்பன் தமிழ்’ என்ற பைத்தான் நிரல்தொகுப்பு இருக்கிறது, நம் ஆட்கள் எழுதியது, திறந்தது. பக்க வடிவமைப்புக்கு ஸ்கிரைபஸ். 1.5.3 பதிப்புக்கு முன்னால் தமிழின் கொம்பும் காலும் அதில் தாறுமாறாக விழும். அந்தப் பதிப்பில் எழுத்துகளைச் சரியாக அடுக்கும் ஹார்ஃப்பஸ் உள்ளே வந்து சரியானது. ஃபிளெக்ஸுக்கு இங்க்ஸ்கேப்பைப் பார். ஃபிளெக்ஸ் அடிக்கிறவரும் பிரஸ்காரரும் பிடிஎஃப் வாங்கிக்கொள்வார்களா, நிறம் மாறாமல் வருகிறதா என்று கேட்டு, ஒரு நோட்டீஸை அடித்துப் பார்த்த பிறகு அடுத்ததற்குப் போ. முகூர்த்த மாதத்தில் இதில் கை வைக்காதே, ஆடியில் கடை ஓய்வாக இருக்கும்போது வைத்துக்கொள்.

அப்பாவின் கணினிகள் விண்டோஸ் 10-ல் ஓடுகின்றன. 2025 அக்டோபர் 14-ஓடு அதற்கான வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுவிட்டன, அந்தப் பழைய பெட்டிகள் 11-ஐ ஏற்கவும் ஏற்காது. பில் போடுகிற கணினியிலும் ஜெராக்ஸ் பக்கத்துக் கணினியிலும் லினக்ஸ் மின்ட் போடலாம், அதை அப்பா மறுக்கமாட்டார். ஆர்ச் வேண்டாம். தினமும் பிழைப்பு நடக்கிற இடத்தில் அப்டேட் போட்ட மறுநாள் எது உடையும் என்று காத்திருக்க முடியாது. உன் சொந்தக் கணினியில் ஆர்ச் தாராளமாகப் போடு, அதில் நிறையக் கற்றுக்கொள்வாய். எதைப் போட்டிருக்கிறான் என்பதை வைத்து ஒருத்தனை எடைபோடாதே.

கை நீட்டினால் எட்டும் வேலைகளும் உண்டு. 1998 பொங்கலன்று சுவிட்சர்லாந்திலிருந்து கல்யாணசுந்தரம் என்பவர் முன்னின்று தொடங்கிய மின்னூல் திட்டம் நம் ஊர்ப் பெயரைத்தான் தாங்கியிருக்கிறது, மதுரைத் திட்டம். தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து, மெய்ப்புப் பார்த்து, பழந்தமிழ் நூல்களை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ள வைத்திருக்கிறார்கள். 2012-லிருந்து கணியம் என்ற இணையதளம் தமிழிலேயே திறந்த மென்பொருள் கட்டுரைகளை வெளியிடுகிறது. மெய்ப்புப் பார்க்கவோ, ஒரு மென்பொருளின் மெனுவைத் தமிழாக்கவோ உனக்கு இப்போதே தெரியும். பாமினியை யுனிகோடாக்கும் மாற்றியில் எந்த எழுத்து தப்பாக மாறுகிறது என்பதை அப்பாவின் கோப்புகளை வைத்து நீ கண்டுபிடித்துத் திருத்தி அனுப்பினால், அது தமிழ்நாட்டில் உள்ள எல்லா டிடிபி கடைக்கும் உதவும்.

லேப்டாப் வாங்குவதாக இருந்தால் மாடல் பெயரை முதலில் எனக்கு அனுப்பு. ரேம் கூட்டவும் பேட்டரி மாற்றவும் இடம் இருக்கிறதா, அதன் வைஃபை கார்டு லினக்ஸில் தொல்லை இல்லாமல் ஓடுமா என்று பார்த்துச் சொல்கிறேன். அதற்கு முன் இந்த ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் போ. அப்பா பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, பேஜ்மேக்கரில் ஒரு கல்யாணப் பத்திரிகையை எப்படிக் கட்டுகிறார் என்று முழுசாகக் கற்றுக்கொள்.

இப்படிக்கு,
உன் மாமா