மூலநோயைத் தெரிந்து வைத்தியம் செய்யுங்கள்

பசு கழிந்தால் அன்றைக்கே கால்நடை மருந்தகத்துக்கு ஓட்டிச் செல்கிறோம். கன்று இரத்தமாகக் கழிந்தால் இராத்திரி என்றும் பார்ப்பதில்லை. ஆனால் தன் மலத்தில் இரத்தம் கண்ட விவசாயி அதை வீட்டில்கூடச் சொல்லாமல் மாதக்கணக்கில் இருந்துவிடுகிறார். பெண்கள் வருடக்கணக்கில் மறைக்கிறார்கள். இடம் அப்படிப்பட்டது என்ற கூச்சமே காரணம். கூச்சம் முற்றி, நடக்கவோ உட்காரவோ முடியாதபோது, "ஆபரேஷன் இல்லாமல் ஒரே நாளில் மூலம் குணம்" என்று எழுதியிருக்கும் பலகையைத் தேடிப் போகிறார்கள். இந்தக் கட்டுரை அல்லிநகரம், தேனி, கம்பம் பள்ளத்தாக்கு விவசாயிகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. மற்ற ஊர்க்காரர்களுக்கும் இது பொருந்தும்.

மூலம் என்பது என்ன?

ஆசனவாயின் உட்புறத்தில், இரத்தக் குழாய்களால் ஆன மெத்தை போன்ற திசுக்கள் எல்லோருக்கும் பிறவியிலேயே உண்டு. பெரும்பாலும் இவை மூன்று இடங்களில் இருக்கும். வாயு, நீர்மலம் முதலியவை கசியாமல் ஆசனவாயை மூடிவைக்க இவை உதவுகின்றன. வாய்க்கால் மடையில் பலகைக்கும் கல்லுக்கும் நடுவே சாக்கை வைத்து அடைப்பது போன்ற வேலை இது. இந்த மெத்தைகள் வீங்கி, அவற்றைப் பிடித்து வைத்திருக்கும் தசைநார் தளர்ந்து, கீழே சரிவதையே மூலநோய் என்கிறோம். ஆகவே புதிதாக ஏதோ ஒன்று முளைத்துவிட்டது என்று பயப்பட வேண்டாம். உள்ள உறுப்பே இடம் பெயர்ந்திருக்கிறது.

டாக்டர்கள் உள்மூலத்தை நான்கு நிலைகளாகப் பிரிப்பார்கள். முதல் நிலையில் இரத்தம் மட்டும் போகும். வெளியே எதுவும் தெரியாது. இரண்டாம் நிலையில் முக்கும்போது சதை வெளியே வந்து, எழுந்ததும் தானே உள்ளே போய்விடும். மூன்றாம் நிலையில் கையால் தள்ளினால்தான் உள்ளே போகும். நான்காம் நிலையில் தள்ளினாலும் போகாது. எந்த நிலை என்று தெரிந்தால்தான் எந்த வைத்தியம் என்று முடிவு செய்ய முடியும். முதல் இரண்டு நிலைகளில் உள்ளவர்களில் பெரும்பாலோர் கத்தி படாமலே குணம் காண்கிறார்கள் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

உள்மூலத்தில் சாதாரணமாக வலி இருக்காது. மலம் கழித்து முடிந்ததும் சொட்டுச் சொட்டாகவோ பீய்ச்சியோ பளிச்சென்ற சிவப்பு இரத்தம் போகும். வலி இல்லாததால்தான் பலரும் இதை அலட்சியம் செய்கிறார்கள். வெளிமூலத்தில் இரத்தம் உறைந்து கட்டினால் ஆசனவாய் ஓரத்தில் திடீரென்று ஊதா நிறத்தில் உருண்டைபோலக் கட்டி தோன்றிக் கடுமையாக வலிக்கும். இது தோன்றிய மூன்று நாளுக்குள் ஆஸ்பத்திரிக்குப் போனால், தேவைப்பட்டால் சிறு கீறலில் எடுத்துவிடுவார்கள். அதற்குப் பின் போனால் பெரும்பாலும் வெந்நீர் ஒத்தடமும் வலி மாத்திரையும் போதும். வீக்கம் சில வாரங்களில் வடிந்துவிடும்.

எல்லாம் மூலமல்ல

நம் பக்கத்தில் ஆசனவாயில் எது வந்தாலும் மூலம் என்றே சொல்கிறோம். இரத்தமூலம், சீழ்மூலம், மூலக்கடுப்பு என்று பெயர்கள் பல. ஆனால் இவற்றில் சில வேறு நோய்கள்.

மலம் கழிக்கும்போது கத்தியால் அறுப்பதுபோல் வலித்து, முடிந்த பின்னும் ஒரு மணி, இரண்டு மணி நேரம் எரிந்துகொண்டிருந்தால் அது பெரும்பாலும் ஆசனவாய் வெடிப்பு. கெட்டிமலம் தோலைக் கிழித்ததால் வந்தது. மலத்தை இளக்கி, வெந்நீரில் உட்கார்ந்து, டாக்டர் தரும் களிம்பைத் தடவினால் பெரும்பாலும் ஆறிவிடும். "சீழ்மூலம்" என்பது அநேகமாகப் பவுத்திரம். ஆசனவாய்க்கு அருகில் சிறு துளை விழுந்து, அடைவதும் திறப்பதுமாகச் சீழ் வடியும். இது களிம்பாலும் உணவாலும் ஆறாது. அறுவை சிகிச்சை வேண்டும்; அல்லது ஆயுர்வேதத்தில் காரநூல் கட்டும் முறை உண்டு. அதையும் பயிற்சி பெற்ற மருத்துவரிடம்தான் செய்துகொள்ள வேண்டும்.

இவற்றைவிட முக்கியமானது ஒன்று உண்டு. மலக்குடலில் புற்றுநோய் வந்தாலும் இரத்தம்தான் போகும். இரத்தம் மலத்தோடு கலந்து வருதல், சளிபோலப் போதல், வழக்கமான மலப்போக்கு சில வாரங்களாக மாறியிருத்தல், போன பின்னும் இன்னும் இருப்பதுபோலத் தோன்றுதல், காரணமின்றி உடல் மெலிதல் ஆகிய இவற்றில் எது இருந்தாலும் மூலம் என்று நீங்களே முடிவு கட்டிவிடாதீர்கள். நாற்பத்தைந்து வயதுக்கு மேற்பட்டவருக்கு முதன்முறையாக இரத்தம் போனாலும், குடும்பத்தில் யாருக்காவது குடல் புற்றுநோய் இருந்திருந்தாலும், பரிசோதனை கட்டாயம். டாக்டர் கையுறை போட்டு விரலால் பார்ப்பது ஒரு நிமிட வேலை. மலக்குடல் கட்டிகளில் பல அந்த விரல் எட்டும் தூரத்திலேயே இருக்கின்றன. பத்து வருடமாக மூலம் இருப்பவருக்கும் புதிதாகப் புற்றுநோய் வரலாம். பழைய நோயின் பெயரைச் சொல்லிப் புதிய நோயை மறைத்துவிடக்கூடாது.

மலம் தார்போலக் கறுத்துப் போனால் அது இரைப்பைப் பக்கத்து இரத்தமாக இருக்கலாம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுவோருக்கும் மலம் கறுக்கும். ஆகவே மாத்திரை சாப்பிடுவதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

ஏன் வருகிறது?

"உடம்புச் சூடு, கோழிக்கறி, மிளகாய்" என்று சொல்வோம். மிளகாய், இருக்கும் புண்ணில் எரிச்சலைக் கூட்டுமேயன்றி மூலத்தை உண்டாக்குவதில்லை. கோழிக்கறியைவிட அதோடு சாப்பிடும் பரோட்டாதான் குற்றவாளி. மைதாவில் நார்ச்சத்து மிகக் குறைவு. நார் இல்லாத உணவு, போதாத தண்ணீர், கெட்டிமலம், முக்கல் என்று ஒன்றின்மேல் ஒன்றாக வந்து முடிவில் மெத்தை சரிகிறது. கர்ப்ப காலத்திலும் மூலம் தோன்றுவது சாதாரணம். பிரசவத்துக்குப் பின் பெரும்பாலும் அடங்கிவிடும். கர்ப்பிணிகள் டாக்டரைக் கேட்காமல் எந்த மருந்தும் சாப்பிடக்கூடாது.

இன்னொரு காரணம் உண்டு; இதை ஆண்கள் கொஞ்சம் கவனித்துப் படிக்க வேண்டும். விடியுமுன் ஜீப்பில் ஏறிப் போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி வழியாக ஏலத்தோட்ட வேலைக்குப் போகிற பெண்களும், களையெடுப்புக்கும் திராட்சைத் தோட்டத்துக்கும் போகிற பெண்களும் வேலையிடத்தில் ஒதுங்க இடமில்லாததால் தண்ணீரே குடிப்பதில்லை. மலம் வந்தாலும் அடக்குகிறார்கள். அடக்க அடக்க நீர் உறிஞ்சப்பட்டு மலம் கல்லாகிறது. தோட்டத்தில் மோட்டார் ரூம் கட்டுகிறோம், சொட்டுநீர்க் குழாய் போடுகிறோம். ஆள் வைத்து வேலை வாங்கும் தோட்டத்தில் ஒரு கக்கூஸ் கட்டுவதையும் சாகுபடிச் செலவில் சேர்க்க வேண்டியதுதான்.

தட்டில் செய்ய வேண்டிய மாற்றம்

வளர்ந்தவருக்கு நாளொன்றுக்கு 25 முதல் 30 கிராம் வரை நார்ச்சத்து வேண்டும். 100 கிராம் தீட்டிய அரிசியில் ஏறக்குறைய 3 கிராம்தான் இருக்கிறது. கேழ்வரகிலும் கம்பிலும் சுமார் 11 கிராம், சோளத்தில் 10 கிராம். ஒருவர் நாளுக்கு 300 கிராம் தீட்டிய அரிசி சாப்பிட்டால் அதில் கிடைக்கும் நார் 8 அல்லது 9 கிராம். அதில் பாதியைக் குறைத்து 150 கிராம் கேழ்வரகு சேர்த்தால் 21 கிராம் கிடைத்துவிடும். மீதியைக் கீரையும் பயறும் பழமும் கொடுக்கும்.

அல்லிநகரம், போடி, ஆண்டிபட்டிப் பக்கத்து மானாவாரி நிலங்களில் சோளமும் கம்பும் விளைவது உங்களுக்குப் புதிதல்ல. சோளத்தட்டையை மாட்டுக்கு வைத்துவிட்டு, தானியத்தை விற்றுவிட்டு, நாம் ரேஷன் அரிசி சாப்பிடுகிறோம். மாட்டுக்குச் சாணி இளகலாகப் போகிறது, நமக்குத்தான் சிக்கல். ஒரு வேளைக்காவது கேப்பைக் களியோ கம்மங்கூழோ வையுங்கள். மாவைச் சல்லடையில் நைசாகச் சலித்துத் தவிட்டைக் கொட்டிவிட வேண்டாம். கடையில் வெள்ளை வெளேரென்று தீட்டி விற்கும் சாமை, வரகு முதலியவற்றிலும் நார் பெரும்பாலும் போய்விட்டிருக்கும்.

மொச்சை, தட்டைப்பயறு, கொண்டைக்கடலை ஆகியவற்றைத் தோலோடு சமையுங்கள். முருங்கைக்கீரையும் அகத்தியும் வேலியோரத்திலேயே கிடைக்கின்றன. கொய்யா 100 கிராமில் 8 கிராமுக்கு மேல் நார் உண்டு. வேறெந்தப் பழத்தையும் தேட வேண்டியதில்லை. நாரை ஒரே நாளில் கூட்டினால் வயிறு உப்பும். இரண்டு, மூன்று வாரத்தில் படிப்படியாகக் கூட்டுங்கள். தண்ணீரையும் கூட்டுங்கள். வெயிலில் வேலை செய்பவருக்கு நாளுக்கு மூன்று லிட்டருக்குக் குறையக்கூடாது. சிறுநீரகம் அல்லது இருதய நோய் உள்ளவர்கள் மட்டும் அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளவும்.

உணவில் போதாவிட்டால் இசப்கோல் உமியை இரவில் இரண்டு தேக்கரண்டி, ஒரு பெரிய டம்ளர் தண்ணீரில் கலந்து உடனே குடிக்கலாம். நார்ச்சத்தைக் கூட்டுவதால் மூல இரத்தப்போக்கு ஏறக்குறையப் பாதியாகக் குறைகிறது என்று ஆராய்ச்சிகள் காட்டுகின்றன. ஆனால் நான்கு நாளில் பலன் தேடக்கூடாது. ஆறு வாரம் விடாமல் செய்ய வேண்டும். பேதி மாத்திரையும் நிலாவாரைப் பொடியும் அன்றாடம் சாப்பிடும் பொருள்களல்ல.

கக்கூசில் ஐந்து நிமிடத்துக்கு மேல் உட்கார வேண்டாம். மலம் வரும் உணர்வு வந்தவுடன் போக வேண்டும். வராதபோது உட்கார்ந்து முக்கக்கூடாது. செல்போனை வெளியே வைத்துவிட்டுப் போங்கள். சதை வெளியே தள்ளுபவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு உரமூட்டை, வாழைத்தார் சுமப்பதைத் தவிர்க்கவும்.

வலியும் அரிப்பும் இருந்தால் அகலமான பேசினில் இளஞ்சூடான வெந்நீர் ஊற்றி, பத்துப் பதினைந்து நிமிடம், நாளுக்கு இரண்டு மூன்று முறை உட்காருங்கள். டெட்டால் முதலியன கலக்க வேண்டாம், தோல் வெந்துவிடும். மருந்துக்கடைக் களிம்புகள் பலவற்றில் ஸ்டீராய்டு உண்டு. டாக்டர் சொல்லாமல் ஒரு வாரத்துக்கு மேல் தடவினால் தோல் மெலிந்துவிடும்.

கருணைக்கிழங்கும் துத்தியும்

மூலத்துக்குக் கருணை என்பது நம் வீடுகளில் எல்லோரும் சொல்வது. வடமொழியில் சேனைக்கிழங்குக்கு 'அர்சோக்னம்', அதாவது மூலத்தை அழிப்பது என்றே பெயர். சித்த மருத்துவம் இந்நோயை நெடுங்காலமாக ஆராய்ந்திருக்கிறது. யூகி முனிவர் மூலத்தை 21 வகையாகப் பிரித்திருக்கிறார். அரசு ஆஸ்பத்திரிகளின் சித்தப் பிரிவில் கருணைக்கிழங்கு லேகியம் கொடுக்கிறார்கள். வாங்கிச் சாப்பிடலாம். லேகியத்தில் வெல்லமோ சர்க்கரையோ சேர்வதால் சர்க்கரை நோயாளிகள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். கிழங்கைச் சமைக்கும்போது புளி சேர்த்து நன்றாக வேகவைத்தால் நாக்கு அரிப்பு அடங்கும். துத்தி இலையை விளக்கெண்ணெயில் வதக்கிக் கட்டுவதும் வழக்கத்தில் உள்ளது. கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறிய பின்பே வைக்கவும். எந்த மருந்தானாலும், இரத்தம் எங்கிருந்து வருகிறது என்று ஒருமுறை பரிசோதித்த பின் எடுப்பதே முறை. லேகியத்தில் ஆறு மாதம் கழிந்து, பின் புற்றுநோய் என்று தெரிவதுதான் ஆபத்து.

ஆஸ்பத்திரியில் என்ன செய்வார்கள்?

தேனியிலிருந்து மதுரைச் சாலையில் க.விலக்கில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. பெரியகுளத்தில் அரசு தலைமை மருத்துவமனையும், கம்பம், போடி, உத்தமபாளையம் ஊர்களில் அரசு ஆஸ்பத்திரிகளும் உள்ளன. பெரிய ஆஸ்பத்திரியில் அறுவைப் பிரிவின் வெளிநோயாளிச் சீட்டு வாங்குங்கள். எத்தனை நாளாக இரத்தம், எவ்வளவு, வலி உண்டா, சதை வருகிறதா, என்ன மாத்திரைகள் சாப்பிடுகிறீர்கள் என்பதைத் தயங்காமல் சொல்லுங்கள். இதே குறையை டாக்டர்கள் தினமும் பார்க்கிறார்கள். பெண்கள் பெண் டாக்டரோ நர்ஸோ உடனிருக்க வேண்டும் என்று கேட்கலாம். நெடுநாள் இரத்தம் போனவருக்குச் சோகை பிடித்திருக்கும். மண்வெட்டி பிடித்தால் மூச்சு வாங்கும். ஆகையால் இரத்தச் சோதனையும் செய்வார்கள்.

உணவு மாற்றத்துக்கு அடங்காத இரண்டாம், மூன்றாம் நிலை மூலத்துக்கு ரப்பர் வளையம் போடுவது பெரிதும் கைக்கொள்ளப்படும் முறை. மயக்க மருந்து வேண்டியதில்லை. வளையம் இரத்த ஓட்டத்தை நிறுத்துவதால் சதை சுருங்கி ஒரு வாரம் பத்து நாளில் வளையத்தோடு விழுந்துவிடும். அப்போது கொஞ்சம் இரத்தம் போகலாம். பெரும்பாலோர் இரண்டொரு நாளில் இலேசான வேலைக்குத் திரும்பலாம். இரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுபவர்கள் அதை முன்பே சொல்ல வேண்டும். நான்காம் நிலைக்கும் பெரிய மூன்றாம் நிலைக்கும் அறுவை சிகிச்சையே நல்லது. அதற்குப் பின் இரண்டு முதல் நான்கு வாரம் வரை ஓய்வு தேவை. நடவும் அறுவடையும் இல்லாத மாதமாகப் பார்த்துத் தேதி கேட்டு வாங்குங்கள்.

பலகை வைத்தியர்களில் சிலர் ஏதோ ஒரு திரவத்தை ஊசியால் ஏற்றுகிறார்கள். காரமருந்தை வைத்துச் சதையை வேகவைக்கிறார்கள். ஊசி முறை முறையான மருத்துவத்திலும் உண்டு. ஆனால் என்ன மருந்து, எவ்வளவு, எந்த இடத்தில் என்று படித்தவர் செய்வது அது. தெரியாதவர் கையில் ஆசனவாய் சுருங்கி விரல்நுனி கூட நுழையாமல் போவதும், மலத்தை அடக்கும் தசை கெட்டு வாழ்நாள் முழுதும் கசிவதும், சீழ் பிடித்து உயிருக்கு ஆபத்தாவதும் உண்டு. மருத்துவப் பதிவு எண்ணைக் கேளுங்கள். சொல்லத் தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள்.

வளையம் போட்ட பின்போ அறுவைக்குப் பின்போ காய்ச்சல் கண்டால், சிறுநீர் வராமல் அடைத்தால், வலி குறையாமல் நாளுக்கு நாள் ஏறினால், அல்லது இரத்தம் கட்டியாகத் தொடர்ந்து போனால் மறுநாள் பஸ்ஸுக்குக் காத்திருக்க வேண்டாம். 108-க்குப் போன் செய்து அன்றே ஆஸ்பத்திரிக்குத் திரும்பிவிடுங்கள்.