மூச்சு முட்டும்வரை காத்திருக்காதீர்கள்

கொரோனா இரண்டாம் அலையில், 2021-ல், நன்றாகப் பேசிக்கொண்டிருந்த பலருக்கு உள்ளுக்குள் ஆக்ஸிஜன் இறங்கிக்கொண்டிருந்தது. மூச்சுத்திணறல் தெரிந்தபோது நேரம் கடந்துவிட்டது. அதனால் தெர்மாமீட்டரோடு, ரத்தத்தில் ஆக்ஸிஜன் அளவைக் காட்டும் பல்ஸ் ஆக்ஸிமீட்டரும் வீட்டில் இருக்கட்டும். நகப்பூச்சு, மருதாணி இல்லாத விரலில் மாட்டுங்கள். கை சில்லென்றிருந்தால் தேய்த்துச் சூடாக்குங்கள். எண் நிலைக்கும்வரை ஒரு நிமிடம் பொறுங்கள். 94-க்குக் கீழே காட்டினால் கஷாயம், ஆவி என்று நாளைக் கடத்தாமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

கொரோனா போன்ற வைரஸை ஆன்டிபயாடிக் ஒன்றும் செய்யாது. மருந்துக்கடையில் நீங்களாகக் கேட்டு வாங்காதீர்கள்.

தமிழ்நாட்டில் எங்கே போவது என்று குழம்பினால் 104-ல் கேளுங்கள். அவசரம் என்றால் 108; ஆம்புலன்ஸ் இலவசம். ஆதார், காப்பீட்டு அட்டை, சர்க்கரை, பிரஷர் மருந்துச்சீட்டு, செல்போன் சார்ஜர் எல்லாம் ஒரே பையில் தயாராக இருக்கட்டும். வீட்டில் முதியவரோ கர்ப்பிணியோ இருந்தால், காய்ச்சல் கண்ட முதல் நாளே டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.